கயிறு என்று எழுதியவள்

அமல்ராணி பார்க்கும் வேலைக்குத் திண்டிவனத்தில் பெயர் கிடையாது. அவள் குடியிருக்கும் தெருவில் பாதிப் பேர் அவளை டைப்பிஸ்ட் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், மீதிப் பேர் டீச்சர் என்று. பைபாஸ் ஓரமாக டயர் கடை வைத்திருக்கும் அவள் கணவன் அலெக்ஸிடம் கேட்டால், "பெரிய கம்பெனிக்காரங்களுக்கு லெட்டர் போடுது" என்பான். மூன்றில் அதுதான் உண்மைக்குக் கொஞ்சம் பக்கத்தில் வரும்.

அவள் எழுதுவது புரபோசல். தொண்டு நிறுவனங்கள் தங்கள் வேலைக்கு நிதி கேட்டு அனுப்பும் விண்ணப்பத்துக்கு அந்தப் பெயர். இருபது வருடமாக, ஞாயிறு தவிர எல்லா நாளும், காலை எட்டு மணி பஸ்ஸில் விழுப்புரம் போய், ஒரு விதைக்கடையின் மாடியில் இருக்கும் தளிர்நடை அறக்கட்டளை அலுவலகத்தில் உட்கார்ந்து அதை எழுதிக்கொண்டிருக்கிறாள். அறக்கட்டளைக்கு அனந்தபுரத்தில் ஒரு பகல்நேர மையம் உண்டு. மூளை முடக்குவாதத்தால் கை கால் இறுகிப்போன பிள்ளைகளுக்கானது. சுற்றுப்பட்டுக் கிராமங்களிலிருந்து முப்பத்தெட்டுப் பிள்ளைகளை ஒரு வேன் காலையில் அழைத்து வரும், சாயங்காலம் கொண்டுபோய் விடும். வேனுக்கு டீசலும், கால்களை நீவிப் பயிற்சி கொடுக்கும் சகாய பிரியாவுக்குச் சம்பளமும், பிள்ளைகளுக்கு மதியச் சோறும் அமல்ராணியின் எழுத்திலிருந்துதான் வந்தாக வேண்டும்.

இதைப் பிச்சை என்று சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். உரிமை என்று சொன்னால் கொடுக்கிறவர்களுக்குக் கோபம் வரும். இரண்டுக்கும் நடுவில் ஒரு பாஷை இருக்கிறது, அதைப் பழகிக்கொள்ள அவளுக்குப் பத்து வருடம் ஆயிற்று.

ஒரு புரபோசல் இருபது இருபத்தைந்து பக்கம் போகும். பிரச்சினை என்ன, எத்தனை பேருக்கு, என்ன செய்வீர்கள், என்ன செலவாகும், செய்ததை எப்படி அளப்பீர்கள் என்று வரிசையாகக் கேள்விகள். இதற்கெல்லாம் யார் வேண்டுமானாலும் பதில் எழுதிவிடலாம். நடுவில் ஒரே ஒரு பக்கம் வரும், கேஸ் ஸ்டடி என்று. ஒரு மனிதருடைய கதை. சென்னையில் ஏதோ ஒரு ஏசி அறையில் நாற்பது புரபோசல்களை அடுக்கி வைத்துக்கொண்டு கொட்டாவி விடுகிறவர், அந்தப் பக்கம் வந்ததும் நிமிர்ந்து உட்கார வேண்டும். அதை எழுதுவதில் அமல்ராணியை அடித்துக்கொள்ள விழுப்புரம் ஜில்லாவில் ஆள் இல்லை. "மத்ததெல்லாம் நாங்க பாத்துக்கறோம் மேடம், அந்த ஒரு பக்கம் மட்டும் எழுதிக் குடுத்துருங்க" என்று மற்ற நிறுவனத்தார்கூட அந்த மாடிப்படி ஏறுவார்கள்.

எழுதுவது எல்லாம் இங்கிலீஷில். கன்னியாஸ்திரிகள் நடத்திய விடுதிப் பள்ளியில் படித்தவள், அது அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. தமிழில் அவள் எழுதியதெல்லாம் மளிகைச் சாமான் சீட்டுதான். யாரைப் பற்றி எழுதினாளோ அவர்கள் ஒருவரும் அந்தப் பக்கத்தைப் படித்ததில்லை, படிக்கவும் முடியாது. இது அவளை உறுத்தியதே இல்லை. உள்ளதைச் சொன்னால், வசதியாகவே இருந்தது. இங்கிலீஷ் ஒரு தட்டி மாதிரி நடுவில் நின்றது. அதற்கு அந்தப் பக்கம் அவள் என்ன எழுதினாலும், "நான் அப்படிச் சொல்லலையே" என்று ஒருவரும் வந்து கேட்டதில்லை.

சென்ற வருடம் அப்படி ஒருத்தி கேட்டாள். அந்தக் கதைதான் இது.

மார்ச்சோடு பழைய நிதி முடிகிற வருடம். டிசம்பருக்குள் இரண்டு கம்பெனிகள் கையை விரித்துவிட்டன. அதில் ஒன்று, தேவை மனதைத் தொடும்படி விளக்கப்படவில்லை என்று காரணமும் எழுதியிருந்தது. இருபது வருடத்தில் அவளுக்கு அப்படி ஒரு வரி வந்ததில்லை. அறக்கட்டளையைத் தொடங்கிய மரியஅந்தோணி சார், ஓய்வு பெற்ற பள்ளிக்கூட வாத்தியார், அவள் மேஜைக்குப் பக்கத்தில் நின்று, "பாத்து எழுதும்மா. ஏப்ரல்ல டீசல் போட வழியில்ல" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். குறை சொன்ன மாதிரி இல்லை. இருந்தாலும் அவளுக்குக் குத்தியது.

பொங்கல் கழிந்து அவள் அனந்தபுரத்துக்கு மேற்கே இருக்கும் ஊருக்குக் கெங்கம்மாளைப் பார்க்கப் போனாள். கெங்கம்மாளுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். அரை ஏக்கர் சொந்த நிலத்தில் மல்லாட்டை போடுகிறவள், வேர்க்கடலைக்கு அந்தப் பக்கத்தில் அதுதான் பெயர். கணவன் பெங்களூரில் கொத்தனார், பண்டிகைக்குத்தான் ஊருக்கு வருவான். ஒரே மகன் தமிழ்மணிக்கு எட்டு வயது. இரண்டு வருடமாக மையத்துக்கு வருகிற பிள்ளை. படுத்தே கிடந்தவன், அந்த மாதம்தான் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் நின்றிருந்தான். அந்த ஒரு நிமிடத்தைப் பற்றி எழுதத்தான் அமல்ராணி போனாள்.

கெங்கம்மாள் கேப்பைக் கூழைக் கரைத்துக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். மகனுடைய காலைத் தன் மடியில் எடுத்துப் போட்டு நீவிக்கொண்டே பேசினாள்.

"நாலு வயசு வரைக்கும் இடுப்புலயே தூக்கிக்கினு மல்லாட்டைக் கொல்லிக்குப் போயிருவேன்க்கா. அப்புறம் கனத்துட்டான். வீட்ல வுட்டுட்டுப் போனா உருண்டுக்கினே வெளிய வந்துருவான். பின்னால கெணறு பாத்தீங்கல்ல, சுத்துச் சுவரு கெடையாது. ஒருநா மல்லாட்டை ஆஞ்சிட்டு வந்து பாக்கறேன், கெணத்து மேட்டுல கெடக்கறான். இன்னொரு பொரண்டா உள்ளதான். அன்னிலேருந்து கட்டிப் போட்டுட்டுதான் போவேன். என் கூரைப் பொடவ, அரக்கு கலரு, பழசாயி மெத்துன்னு ஆயிருச்சி. அத முறுக்கி இடுப்புல ஒரு சுத்து, தூண்ல ஒரு சுத்து. ஒடம்ப அறுக்காது. ரெண்டு வருசம் அப்படித்தான். உங்க வேனு வந்தப்புறந்தான் நிறுத்தனேன்."

சற்று நேரம் நீவிக்கொண்டே இருந்தாள். பிறகு, "இத யார்கிட்டயும் சொன்னதில்லக்கா. அவருக்கே தெரியாது" என்றாள்.

அமல்ராணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்போது அவளுக்குக் கண் கலங்கியது நிஜம். அந்தக் கண்ணீரோடுகூடவே, பக்கம் கிடைத்துவிட்டது என்று மனசுக்குள் ஒன்று துள்ளியதும் நிஜம்.

மறுநாள் விழுப்புரத்தில் உட்கார்ந்து எழுதினாள். முதலில் புடவை என்றுதான் தட்டினாள். படித்துப் பார்த்தாள். அந்தச் சொல்லில் ஒரு இதம் இருந்தது, வரியே மெதுவாகிவிட்டது. சென்னைக்காரர் நிமிர்ந்து உட்கார மாட்டார். புடவையை அழித்துவிட்டுக் கயிறு என்று போட்டாள். கன்றுக்குட்டியைக் கட்டுவது போல என்று சேர்த்தாள். பிறகு கிணற்றை எடுத்துவிட்டாள். கிணறு இருந்தால் தாய்க்கு ஒரு நியாயம் வந்துவிடுகிறது, பிரச்சினை கிணற்றுச் சுவருக்குப் போய்விடுகிறது. சுவர் கட்டக் காசு கொடுத்துவிட்டு வேனை மறந்துவிடுவார்கள். கெங்கம்மாளின் பெயரைச் செல்வி என்று மாற்றினாள். மாற்றியதைக் கீழே குறிப்பாகவும் போட்டாள். அதோடு தன் கடமை முடிந்தது என்று நினைத்தாள்.

ஏப்ரல் முதல் வாரம் வேறொரு சென்னைக் கம்பெனியிடமிருந்து நிதி கிடைத்தது. மூன்று வருடத்துக்கு. முதல் தவணையும் உடனே வந்தது. மரியஅந்தோணி சார் தன் காசில் எல்லோருக்கும் மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தார். கம்பெனியில் இதைக் கவனிக்கும் அஸ்வினி என்ற பெண் போன் செய்து, "அந்தக் கயிறு வரியைப் படிச்சிட்டு எங்க கமிட்டியில ஒருத்தரும் பேசலை மேடம்" என்றாள். அமல்ராணி அன்று பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து திண்டிவனம் வரைக்கும் சிரித்த முகமாகவே வந்தாள்.

ஜூனில் தொடக்க விழா. அனந்தபுரத்தில் மையத்தின் வாசலில் பந்தல். இது மாதிரி விழாவுக்குக் கம்பெனியில் ஒரு நடைமுறை உண்டு. மேடைக்குப் பின்னால் பத்துக்கு ஆறடியில் ஒரு பிளெக்ஸ், அதில் கம்பெனியின் சின்னமும், மக்களுக்குப் புரியும் மொழியில் ஒரு கதையும். அலுவலகத்தில் ஊர் வேலைகளைப் பார்க்கும் சேரனிடம் அமல்ராணி எழுதிய பக்கம் போயிற்று. அவன் பத்து வருடமாக இருக்கிற ஆள், பொறுப்பானவன். அதைத் தமிழாக்கி விழுப்புரத்தில் பிளெக்ஸ் கடையில் கொடுத்து அடித்து வந்துவிட்டான். அமல்ராணி யாருக்கு மாலை, யாருக்குச் சால்வை என்ற பட்டியலில் முழுகியிருந்தாள். பிளெக்ஸை அவள் படிக்கவில்லை. படித்திருந்தால் நிறுத்தியிருப்பாளா என்று உறுதியாகச் சொல்வதற்கில்லை.

ஆகஸ்டில் முதல் காலாண்டு அறிக்கை எழுத உட்கார்ந்தாள். வருகைப் பட்டியலில் தமிழ்மணிக்கு நேரே விழா நாளுக்குப் பிறகு கோடு கோடாக இருந்தது. உடல்நிலை சரியில்லை என்று எழுதியிருந்தார்கள். காய்ச்சலாக இருக்கும் என்று அடுத்த வேலைக்குப் போனாள். அறிக்கைக்குப் படம் வேண்டும், விழாவன்று தானே போனில் எடுத்த படங்களைத் திறந்து ஒவ்வொன்றாகத் தள்ளினாள். கூட்டத்தை எடுத்த ஒரு படத்தில் எல்லோரும் மைக்கைப் பிடித்தவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன் வரிசையில் மகனை மடியில் வைத்திருந்த கெங்கம்மாள் மட்டும் அவருக்குப் பின்னால், மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் இலேசாகத் திறந்திருந்தது. எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர்களுக்கு வாய் அப்படி இருக்கும். கெங்கம்மாள் எட்டாவது வரை படித்தவள்.

அமல்ராணி சகாய பிரியாவுக்குப் போன் போட்டாள்.

"காய்ச்சலெல்லாம் இல்ல மேடம்" என்றாள் பிரியா. "வேன் போனா கதவ சாத்திக்கிறாங்க. ஏன்னு கேட்டா பதில் இல்ல. நான்தான் வியாழக்கிழம சாயங்காலம் வண்டிய எடுத்துக்கினு போயி கால நீவி வுட்டுட்டு வர்றேன். அதுக்கு மட்டும் உள்ள வுடறாங்க. வாரத்துல ஒரு நாள் என்னா பத்தும்? பழையபடி இறுகிக்கினு வருது மேடம். இன்னும் ரெண்டு மாசம் இப்படியே போனா, நின்னதெல்லாம் மறந்துற வேண்டியதுதான்."

மறுநாள் காலையில் அமல்ராணி விழுப்புரத்தில் இறங்கி, அலுவலகம் போகாமல் அனந்தபுரம் பஸ் ஏறினாள். அங்கிருந்து ஷேர் ஆட்டோ. ஊர் முனையில் இறங்கும்போதே அதைப் பார்த்துவிட்டாள். ரோட்டை ஒட்டித் துரைக்கண்ணு என்பவருடைய மல்லாட்டைக் கொடிப் போர். மாட்டுக்காகப் போட்டது. அதன் மேல் மழைக்கு மூடியிருந்தது அந்த பிளெக்ஸ். விழா முடிந்ததும் யார் கேட்டார்களோ அவர்களுக்குச் சேரன் தூக்கிக் கொடுத்துவிட்டான். எல்லா விழாவிலும் அப்படித்தான் நடக்கும், பிளெக்ஸ் வீணாகாது. எழுத்து வெளியே தெரியும்படி விரித்திருந்தார்கள். பஸ்ஸுக்கு நிற்பவர்கள் அதைப் படித்துக்கொண்டுதான் நிற்க வேண்டும். பெயர் மாற்றப்பட்ட செல்வி, எட்டு வயது மகன், கணவர் பெங்களூரில் கொத்தனார், வேலைக்குப் போகையில் பெற்ற பிள்ளையைக் கன்றுக்குட்டி போலக் கயிற்றால் கட்டிப்போட்டாள். அந்த ஊரில் அப்படி எத்தனை பேர் இருக்கிறார்கள்?

தான் எழுதியதைத் தமிழில் அவள் படித்தது அதுதான் முதல் தடவை. நட்ட நடு ரோட்டில் தன்னை யாரோ நிறுத்திவைத்த மாதிரி வெட்கமாக இருந்தது.

கெங்கம்மாள் கதவைத் திறந்தாள். உள்ளே வரச் சொன்னாள். தண்ணீர் கொடுத்தாள். "வாங்க மேடம்" என்றாள். இரண்டு வருடமாக அக்கா என்று அழைத்தவள்.

தமிழ்மணி பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்தான். இடது கால் முட்டியோடு மடங்கியிருந்தது.

"அவரு போனுக்கு யாரோ போட்டோ புடிச்சி அனுப்பிச்சிட்டாங்க மேடம்" என்றாள் கெங்கம்மாள். குரலில் சண்டை இல்லை. "மறுநாளே பெங்களூர்லேருந்து வந்துட்டாரு. என்னிய ஒரு கேள்வி கேக்கல. கயிறு எங்கன்னு மட்டும் கேட்டாரு. வூடு பூரா தேடுனாரு. மாட்டுக் கயிற எடுத்து வந்து இதானான்னு காட்டுனாரு. இல்ல, பொடவன்னு சொன்னேன். நம்பல. அத்தன பெருசா அச்சடிச்சி வச்சிருக்கு, பொய்யாவா இருக்கும்னாரு. அன்னிக்கே போயிட்டாரு. அப்புறம் போன் இல்ல."

அமல்ராணி தலையைக் குனிந்துகொண்டாள்.

"கயிறுன்னு நான் சொன்னனா மேடம்?"

"சொல்லல."

"கெணத்த சொன்னேன்ல?"

"சொன்ன."

"பின்ன?"

இருபது வருடமாகக் கம்பெனிகளின் எல்லாக் கேள்விக்கும் பதில் எழுதியவள். இந்தக் கேள்விக்குச் சுற்றி வளைக்க அவளுக்கு மனசு வரவில்லை. "கயிறுன்னு போட்டாதான் பணம் வரும்னு நெனச்சேன் கெங்கா" என்றாள்.

"வந்துச்சா?"

"வந்துச்சி."

கெங்கம்மாள் தலையை ஆட்டினாள். "வேனு ஓடறது தெரியுது. காலைல ஆரன் சத்தம் கேக்கும்போது இவன் தலைய தூக்கறான்" என்றாள். அமல்ராணி மன்னிப்புக் கேட்டாள். அது அந்த அறையில் எங்கேயோ விழுந்தது. கெங்கம்மாள் அதை எடுத்துக்கொண்டாளா என்று தெரியவில்லை.

திரும்பும் வழியில் அனந்தபுரம் கடைத்தெருவுக்குப் போய் ஒரு புதுத் தார்ப்பாய் வாங்கி வந்து துரைக்கண்ணுவிடம் நீட்டி, போரின் மேலிருந்த எழுத்தைக் காட்டினாள்.

"எதுக்கு மேடம்? இது நல்ல கெட்டி ஷீட்டாச்சே" என்றார் அவர். "எழுத்தா? அத யாரு பாத்தா?"

"எல்லாரும் பாத்துட்டாங்கய்யா" என்றாள் அவள். பிளெக்ஸை இழுத்து மடித்து, மண்ணும் கொடிச் சருகுமாக மடியில் வைத்துக்கொண்டு விழுப்புரம் வரைக்கும் பஸ்ஸில் வந்தாள்.

அன்று மதியம் கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதினாள். அதில் வந்தது போல ஒரு சிரமம் எந்தப் புரபோசலிலும் அவளுக்கு வந்ததில்லை. விண்ணப்பத்தில் கயிறு என்று இருப்பது தவறு, அந்தத் தாய் சொன்னது புடவை, அவள் சொன்ன கிணற்றை நான் விட்டுவிட்டேன், இரண்டும் தெரிந்தே செய்தது. இவ்வளவுதான் விஷயம்.

மரியஅந்தோணி சார் அதைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "முப்பத்தெட்டு புள்ளைங்க வேன்ல வருதும்மா. ஒரு வார்த்தைக்காகவா? அவங்க மத்த பக்கத்தையும் சந்தேகப்பட்டாங்கன்னா?"

"படலாம் சார்."

"நிதியே நின்னாலும் நிக்கும்."

"நிக்கலாம். ஆனா காலாண்டு அறிக்கைல அந்தப் புள்ள ஏன் வரலன்னு நான் எழுதணும். காய்ச்சல்னு எழுதச் சொல்றீங்களா சார்?"

அவர் இரண்டு நாள் அதைத் தன் மேஜையிலேயே வைத்திருந்தார். மூன்றாம் நாள் தன் கையெழுத்தையும் போட்டுக் கொடுத்தார். "போன தடவ ரெண்டு பேரும் போட்டுதானே அனுப்பினோம்" என்றார்.

அனுப்புவதற்கு முன்னால் அமல்ராணி ஒன்று செய்தாள். இருபது வருடத்தில் செய்யாதது. வியாழக்கிழமை பிரியாவின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போய், அந்தக் கடிதத்தைக் கெங்கம்மாளுக்கு வரிக்கு வரி தமிழில் படித்துக் காட்டினாள். கெங்கம்மாள் மகன் தலையைத் தடவிக்கொண்டே கேட்டாள். முடிந்ததும், "இது போனா வேனு நின்னுருமா?" என்றாள்.

"தெரியல. நின்னாலும் நிக்கலாம்."

கெங்கம்மாள் மகனின் மடங்கிய காலை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். பிறகு, "அனுப்புங்க" என்றாள்.

பதில் பத்து நாளில் வந்தது. நேர்மைக்கு நன்றி, நேரில் வந்து சரிபார்க்கும் வரை இரண்டாம் தவணை நிறுத்திவைக்கப்படுகிறது. செப்டம்பர் முழுக்க வேன் ஒன்று விட்டு ஒரு நாள் ஓடியது. அக்டோபர் பிறந்ததும் வாரத்துக்கு இரண்டு நாளாயிற்று. மற்றத் தாய்மார்கள் அமல்ராணியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நியாயம்தான். ஒரு பிள்ளையின் தாய்க்குச் செய்த குற்றத்தைக் கழுவ அவள் முப்பத்தேழு தாய்களின் வீட்டில் தண்ணீர் எடுத்திருந்தாள். அதுவும் அவளுக்குத் தெரிந்தே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசையில் முழங்காலில் நின்றால் வாயில் ஜெபம் வராமல் வேனின் நம்பர்தான் வந்தது.

அக்டோபர் கடைசியில் அஸ்வினி வந்தாள். முப்பது வயதுக்குள் இருப்பாள், மரியாதையான பெண். மையத்தில் காலை முழுக்க எல்லா ரெஜிஸ்டரையும் புரட்டிவிட்டு, "மத்ததெல்லாம் சரியா இருக்கு மேடம்" என்றாள். "ஆனா அந்தப் பக்கத்துக்கு நான் என்ன எழுத? அந்த அம்மாவை நான் பாக்கணும். அவங்க வாயால கேக்கணும். கூப்பிட முடியுமா?"

"நான் கூப்பிட மாட்டேன்மா" என்றாள் அமல்ராணி. மரியஅந்தோணி சார் நிமிர்ந்து பார்த்தார். "அவங்ககிட்டருந்து ஒரு தடவ கேக்காம எடுத்தாச்சு. இப்ப நமக்குப் பணம் வரணும்னு மறுபடி வந்து சொல்லுன்னு எந்த முகத்த வச்சிக்கினு கேப்பேன்? நீங்க என்ன எழுதணுமோ எழுதிக்கங்க."

அஸ்வினி பேனாவை மூடிவிட்டுத் திறந்தாள். அவளுக்கும் தர்மசங்கடம்தான்.

பன்னிரண்டு மணி டவுன் பஸ் வந்து நின்று போகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் வாசலில் நிழல் தட்டியது. கெங்கம்மாள். இடுப்பில் தமிழ்மணி, எட்டு வயதுப் பிள்ளை, கால் இரண்டும் அவள் முழங்காலுக்குக் கீழே தொங்கின. தோளில் ஒரு மஞ்சள் பை. மேல்மூச்சு வாங்கியது. இந்த நாளில் ஆபீசர் வருகிறார் என்பது பிரியா சொல்லி அவளுக்குத் தெரிந்திருந்தது. வரச் சொல்லி பிரியாவும் கேட்கவில்லை.

பிள்ளையைப் பாயில் இறக்கிவிட்டு, பையிலிருந்து எடுத்து அஸ்வினியின் முன்னால் மேஜை மேல் வைத்தாள். ஒரு புடவை. அரக்கு நிறம் வெளுத்து, நடுவில் முறுக்கு விழுந்து, இரண்டு முனையிலும் முடிச்சின் தழும்போடு இருந்தது. துவைத்து மடித்திருந்தாள். முறுக்கு மட்டும் போகவில்லை.

"இதான் மேடம் அந்தக் கயிறு" என்றாள்.

கெங்கம்மாள் தானாகவே சொன்னாள். கிணறு எங்கே இருக்கிறது, தூண் எங்கே இருக்கிறது, கட்டிவிட்டுக் கொல்லிக்குப் போனால் மல்லாட்டை ஆய்கிற கை எத்தனை தடவை நிற்கும், திரும்பி வரும்போது மூத்திரத்தில் நனைந்து கிடக்கிறவனை அவிழ்த்து முதலில் எங்கே முத்தம் கொடுப்பாள், எல்லாம் சொன்னாள். அமல்ராணி எழுதிய பக்கத்தைவிட அது நீளம், ஒழுங்கு இல்லை, நடுவில் எதையோ மறந்து திரும்பிப் போய்ச் சொன்னாள். அஸ்வினி எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இந்தப் பொடவய அவருக்குப் போட்டோ எடுத்து அனுப்பிருக்கேன்" என்று முடித்தாள். "நேத்து ராத்திரி பேசுனாரு. உங்க புஸ்தகத்துலயும் மாத்திருங்க."

"மாத்திடறேம்மா" என்றாள் அஸ்வினி. இரண்டாம் தவணை நவம்பரில் வந்தது. அது பிறகு.

அன்று நடந்தது இன்னும் ஒன்று உண்டு. பிரியா தமிழ்மணியின் காலைப் பிடித்து மெல்ல நீட்டிப் பார்த்தாள். முக்கால்வாசிக்கு மேல் நீளவில்லை. அவன் முகம் சுளித்தான், அழவில்லை. நாலு மாதம் வீணாய்ப் போயிருந்தது. அவள் அவனைத் தூக்கிக் கம்பிக்கு நடுவில் நிறுத்திப் பார்த்தாள். கை வழுக்கி வழுக்கிச் சரிந்தான். நிறுத்திப் பிடிக்கும் பெல்ட்டோ ஒட்டு விட்டுப்போயிருந்தது. புதிது வாங்கத் தவணை வர வேண்டும்.

கெங்கம்மாள் எழுந்து போய் மேஜையிலிருந்த புடவையை எடுத்து வந்தாள். மகன் இடுப்பில் ஒரு சுத்து, கம்பியில் ஒரு சுத்து. கை தானாக முடிச்சுப் போட்டது. பிரியா பின்னாலிருந்து முட்டியை நிமிர்த்திக் கொடுத்தாள். தமிழ்மணி நின்றான். முழங்கால் நடுங்க நடுங்க, சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அமல்ராணியின் கை பழக்க தோஷத்தில் போனை எடுத்துவிட்டது. உடனே அதைப் பைக்குள் திணித்தாள். கெங்கம்மாள் அதைப் பார்த்துவிட்டாள்.

"எழுதலியாக்கா?"

அக்கா என்று காதில் விழுந்ததும் அமல்ராணி பையை இழுத்து மூடினாள். "வேணாம் கெங்கா" என்றாள்.

"எழுது. நீ எழுதனாதானே வேனு வரும். அரக்குப் பொடவன்னு எழுது."

அமல்ராணி நோட்டை எடுத்துத் தரையில் உட்கார்ந்தாள். மளிகைச் சீட்டைத் தவிர வேறெதற்கும் பழகாத தமிழில், நிறுத்தி நிறுத்தி, நாலு வரி எழுதினாள். நோட்டைத் திருப்பிக் கெங்கம்மாள் பக்கம் நீட்டினாள். ஒரு கையால் மகனின் முதுகைத் தாங்கிக்கொண்டே கெங்கம்மாள் வாய் அசைய அதைப் படித்தாள். மூன்றாவது வரியில் விரலை வைத்து, "கெணறு எங்க?" என்று கேட்டாள்.